பிளஸ் டூ ஒரு வருஷம்: மேடையில ஏத்த பொருள், அளவு, செய்முறை தேவை

கூத்துக்காரன்_உச்சிப்புளி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துப் பழைய மாணவர் கூடுகைக்கு நாற்பது நிமிஷ நாடகம் ஒண்ணு போடுறோம். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறதுல ஆரம்பிச்சு மார்ச் பரீட்சை வரைக்கும் ஒரு பிளஸ் டூ வருஷம். வசனம் முடிஞ்சுது. சிரிப்புதான் வரமாட்டேங்குது. காரணம், மேடையில இருக்குற பொருள் அத்தனையும் பொய். பள்ளிக்கூட மணின்னு ஒருத்தன் பூஜை மணியை ஆட்டுறான். லேப்னு சொல்லி ரெண்டு கண்ணாடி டம்ளர்ல ரோஸ்மில்க் ஊத்தி வச்சிருக்கான். கீழ உக்காந்து பாக்குறவங்க எல்லாம் அதே மணிச்சத்தத்துல எந்திரிச்சவங்க, நம்புவாங்களா?

அதனால ஒரே ஒரு விதி. யார் செஞ்சா, எப்ப மாட்டினாங்கிற கதை வேண்டாம். என்ன பொருள், என்ன அளவு, எங்க சொதப்பும், ஏன் சொதப்பும், அதை மட்டும் எழுதுங்க. "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிக்கிற பதிவைத் தூக்கிரச் சொல்லி மட்டுறுத்துநர்கிட்ட சொல்லியாச்சு.

முதல்ல மணி.

உப்புக்காத்து

தண்டவாளத் துண்டுதான், வேற பேச்சே கிடையாது. ஆனா மேடையில நிஜத் துண்டைத் தொங்கவிடாதீங்க. அகலப்பாதைத் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோன்னு வரும். ரெண்டடித் துண்டே முப்பது கிலோவைத் தாண்டும். சவுக்குக் கம்புல கட்டினா கம்போட சேர்ந்து கீழ வரும், நாடகம் சோகமா முடியும். நம்ம பக்கத்துல 2007ல அகலப்பாதை வர்ற வரைக்கும் மீட்டர்கேஜ்ங்கிற குறுகின பாதைதான், பழைய பள்ளிக்கூடங்கள்ல தொங்குறது அனேகமா அந்த மெலிஞ்ச ரகம். பழைய இரும்புக் கடையில ஒன்றரை அடிக்குக் கனமான பட்டை ஏதாவது எடுத்துக்குங்க.

சத்தம் வர்றது கட்டுற இடத்துல இருக்கு. எந்த இரும்புப் பட்டையும் ரெண்டு முனையில இருந்தும் கிட்டத்தட்ட நீளத்துல கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடத்துல அதிராது. 24 அங்குலத் துண்டுன்னா முனையில இருந்து அஞ்சரை அங்குலம். அந்த ரெண்டு இடத்துல கயிறு போட்டுத் தொங்கவிட்டா "டாங்ங்ங்"னு இழுக்கும். நட்டநடுவுல இறுக்கிக் கட்டினா "டக்". மணி திடீர்னு ஊமையாகிற அந்தப் பழைய சேட்டைக்கு இதுக்கு மேல எதுவும் வேண்டாம், கயிறை நடுவுக்கு நகர்த்தினா போதும். சுத்தியல்ல துணி சுத்துறதெல்லாம் எட்டாங்கிளாஸ் வேலை. துணி கண்ணுக்குத் தெரியும், கயிறு நகர்ந்தது தெரியாது.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல தண்டவாளம் துருப்பிடிச்சு விழாது, அதைக் கட்டின கம்பிதான் அறுந்து விழும். உப்புக்காத்து மெல்லிசுக் கம்பியைச் சீக்கிரம் தின்னுரும். கடலோரப் பள்ளிக்கூடங்கள்ல மணி வலைக்கயிறுல தொங்குறது அதனாலதான். மேடையிலயும் பச்சை நைலான் கயிறே போடுங்க. அதைப் பாத்ததும் பாதிப் பேருக்கு ஊர் தெரிஞ்சிரும்.

கூத்துக்காரன்_உச்சிப்புளி

அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன். அடுத்தது சுதந்திர தினம். கொடி விரியாம மாட்டிக்கிற காட்சி. நடிகன் கயிறை இழுக்குறான், உடனே விரிஞ்சிருது. மாட்டவே மாட்டேங்குது.

சாரணர்_கயிறு

சரியா கட்டிருக்கீங்க போல, பாராட்டு. மாட்டணும்னா தப்பா கட்டணும், அதுக்கும் ஒரு முறை இருக்கு.

முதல்ல சரியான முறை. 3க்கு 2 அடிக் கொடியைக் காவி மேல வர்ற மாதிரி கயித்துல கோத்துக்கணும். கொடியை நீளவாக்குல பாதியா மடிச்சு, திரும்பவும் பாதியா மடிச்சா ஆறங்குலப் பட்டை கிடைக்கும். அதை விரிச்சுப் பிடிச்சு நடுவுல பூ இதழைப் போட்டு, வெளிமுனையில இருந்து கயித்துப் பக்கமா உருட்டிக்கிட்டு வரணும். உருண்டை கைக்குள்ள அடங்கினதும், கீழ்க்கயிறை அதுமேல ரெண்டு சுத்து சுத்தி, மூணாவது சுத்துக்கு அடியில கயிறை வளையமா நுழைக்கணும். வளையம், கவனிங்க. முனையை இழுத்து வெளிய எடுத்துட்டா அது சுருக்கு கிடையாது, முடிச்சு. உலகத்துல கொடி மாட்டிக்கிட்டதுல பாதி இந்த ஒரு தப்புல. நீங்க காட்சிக்குச் செய்ய வேண்டியதும் அதுவே.

மிச்சப் பாதி பூவுல. முந்தின நாள் ராத்திரியே வச்சுக் கட்டிருவாங்க. ரோஜா இதழ் ராத்திரி முழுக்க வியர்த்து, துணியோட ஒட்டிக் கட்டியாயிரும். காலையில இழுத்தா கொடி விரியும், பூ விழாது. நாலு நிமிஷம் கழிச்சு, தலைமையாசிரியர் பேச ஆரம்பிச்சதும் ஒரே உருண்டையா விழும். காலையில பறிச்ச இதழ், ஈரம் போகத் துணியில உலர்த்தி, ஒரே ஒரு கைப்பிடி. கொடி விதிகள்ல இதழ் வைக்க அனுமதி இருக்கு, ஆனா கூடை கூடையா கொட்டினா கனத்துலயே சுருக்கு இறுகிரும்.

ஆகஸ்ட்ல கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கும். விரிஞ்ச கொடி கம்பத்துல சுத்திக்கும். அதுக்கு ஒரு பையன் கம்பத்தடியில நின்னு கயிறைச் சுண்டிக்கிட்டே இருக்கணும். அந்தப் பையனுக்கு வசனமே வேண்டாம்.

ஒண்ணு மட்டும், கொடியைத் தலைகீழா கட்டிச் சிரிக்க வைக்காதீங்க. அது சிரிப்பு இல்ல.

கடைசிபெஞ்ச்_கணக்கு

புக் கிரிக்கெட் வச்சிருக்கீங்களா? வசனத்துல ஸ்கோர் எவ்வளவு?

கூத்துக்காரன்_உச்சிப்புளி

இருக்கு மாப்ள. ஒருத்தன் 486 அடிக்கிறான்.

கடைசிபெஞ்ச்_கணக்கு

கூட்டத்துல கணக்கு வாத்தியார் இருந்தா எந்திரிச்சுப் போயிருவார். பாருங்க.

புத்தகத்தை விரிச்சா வர்ற இடப்பக்க எண்ணோட கடைசி இலக்கம்தான் ரன். இடப்பக்கம் எப்பவும் இரட்டைப்படை எண். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 அஞ்சுல ஒண்ணு. 0 அவுட். அப்ப அஞ்சு பந்துக்கு ஒரு விக்கெட், அதுல நாலு பந்து ரன். 8ஐ எட்டாவே எடுத்துக்கிற ஊர்ல அந்த நாலோட சராசரி 5, விக்கெட்டுக்கு 20, பத்து விக்கெட்டுக்கு 200. 8க்கு ஒரு ரன்னுதான்னு விதி வச்சிருக்கிற ஊர்ல சராசரி 3.25, விக்கெட்டுக்கு 13, மொத்தம் 130. ஒரு இன்னிங்ஸ் சுமாரா 50 பந்து, பந்துக்கு அஞ்சு விநாடின்னா நாலேகால் நிமிஷம். ஒரு பீரியடுக்குள்ள மூணு மேட்சும் சண்டையும் தாராளமா முடியும்.

486 வேணும்னா அவன் களவாணி. அதுக்கும் முறை இருக்கு. தடிப் புத்தகத்தோட முதுகை 6லயோ 8லயோ முடியிற பக்கத்துல நல்லா அழுத்தி ஒடிச்சுட்டா, எத்தனை தடவை விரிச்சாலும் அங்கதான் திறக்கும். கண்டுபிடிக்கிறதும் லேசு. புத்தகத்தை மேசையில நிறுத்தி ரெண்டு கையையும் விட்டா, தானா திறக்கிற பக்கம் காட்டிக் கொடுத்துரும். இதைக் காட்சியாவே வைங்க. நடுவர் புத்தகத்தை நிறுத்துறார், எல்லாரும் குனிஞ்சு பாக்குறாங்க, அது மெதுவா 146ல திறக்குது. வசனம் எதுக்கு?

வேதியியல்_ஓய்வு

லேப் காட்சியில் ரோஸ்மில்க் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உப்பு ஆய்வை, அதாவது கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் அதைவிடச் சிரிப்பான பாடம் கிடையாது.

குளோரைடு சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். உப்புக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு வெள்ளி நைட்ரேட். தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு வந்தால் குளோரைடு. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால்தான் இது செல்லும். அவசரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தால், நம் நிலத்தடி நீரில் இருக்கிற உப்புக்கு வெறும் தண்ணீரே தயிராகிவிடும். கையில் இருப்பது கார்பனேட்டோ நைட்ரேட்டோ, எதுவானாலும் குளோரைடு. வகுப்பில் நாற்பது பேருக்கு நாற்பது வெவ்வேறு உப்பு கொடுத்தாலும் விடைத்தாள் நாற்பதிலும் குளோரைடு இருக்கும். காப்பி அடித்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒரே குழாயில் பிடித்தார்கள்.

சுடர் சோதனை இரண்டாவது. வியர்த்த விரல் பட்ட கம்பியை அப்படியே காட்டினால் தங்க மஞ்சள்தான், அது சோடியம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்துச் சுட்டு, சுடரில் நிறம் வருவது நிற்கும்வரை சுத்தம் செய்த பிறகே உப்பைத் தொட வேண்டும். பொட்டாசியத்தின் ஊதா அந்த மஞ்சளில் மறைந்துபோகும். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கண்ணாடியை ஒருவன் வெயிலுக்குப் போட்டுக்கொண்டு திரிவதாக வைக்கலாம், எந்த லேபிலும் பொருந்தும்.

மூன்றாவது மூக்கு. சல்பைடு என்றால் அழுகிய முட்டை நாற்றம் என்று பாடம். கருவாட்டுக் களம் பக்கத்தில் இருந்து, காற்றும் அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் மூக்கை நம்பி எதையும் எழுத முடியாது. லெட் அசிடேட் தோய்த்த காகிதத்தைக் காட்ட வேண்டும், கறுத்தால் சல்பைடு. கறுக்காவிட்டால் கருவாடு.

மேடையில் அமிலமோ வெள்ளி நைட்ரேட்டோ கொண்டு வராதீர்கள். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்து, நாள்கணக்கில் போகாது. காட்சிக்குச் சுண்ணாம்பின் தெளிநீர் போதும். சோதனைக் குழாயில் அரையளவு ஊற்றி, உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள், பால் போல வெளுக்கும். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. நீண்ட நேரம் ஊதினால் மறுபடியும் தெளிந்துவிடும், அதையும் நடிகரிடம் சொல்லி வைக்கவும்.

கூத்துக்காரன்_உச்சிப்புளி

சார், "கறுக்காவிட்டால் கருவாடு" வசனத்துல ஏத்தியாச்சு.

பாம்பன்_பாசஞ்சர்

லேட்டா வர்ற பையன் "பாலம் திறந்திருக்கு சார்"னு சொல்ற காட்சி கண்டிப்பா இருக்கும். அது எந்த வருஷம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, இல்லன்னா பொய் பொய்யாவே நிக்கும்.

ராமேஸ்வரம் தீவுக்குப் போற பாம்பன் பாலங்கள்ல, கப்பலுக்காகத் திறக்குறது ரயில் பாலம் மட்டும். 1988ல திறந்த ரோட்டுப் பாலம் உயரமா நிக்குது, படகு அடியில போயிரும், திறக்கிற வேலையே இல்ல. அதனால பஸ்ல வர்ற பையன் பாலத்தைச் சொன்னா அங்கேயே மாட்டினான். சீசன் டிக்கெட் இருக்குறவன் சொல்லலாம். பழைய பாலத்துல நடுத்தூக்கை ஆளுங்க கையால சுத்தித்தான் தூக்கினாங்க, நேரம் பிடிக்கும், சாக்கு கனமாவே இருக்கும். காத்தையும் சொல்லலாம். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா வண்டிக்கு சிக்னல் கிடைக்காது. ஆனா வாத்தியாரும் அதே காத்துல சைக்கிள் மிதிச்சு வந்திருப்பார்.

2022 டிசம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் பாலத்துல வண்டியே ஓடல. அந்த ரெண்டேகால் வருஷம் இந்தச் சாக்கைச் சொன்னவன் செய்தித்தாள் படிக்காதவன். இப்ப இருக்குற புதுப் பாலத்துல 72.5 மீட்டர்த் தூக்கு மோட்டார்ல அப்படியே செங்குத்தா ஏறுது. கப்பல் போறதுக்காக எப்பவாவதுதான் தூக்குவாங்க, அதுவும் செய்தியில வந்துரும். சாக்கு செத்துப்போச்சு.

வாடைக்காத்து_தொண்டி

மழை லீவு காட்சியில புயல் கூண்டு வருதா? அதையும் எல்லாரும் தப்பா காட்டுறாங்க. பாம்பன்ல 1ஆம் எண் கூண்டு ஏத்தினாங்கன்னு செய்தி வந்ததும் புத்தகத்தை மூடுற பையனைக் காட்டுறது வழக்கம். 1ஆம் எண்ணுன்னா தூரத்துல கடல்ல காத்தழுத்தம் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். துறைமுகத்துக்கு ஆபத்து கிடையாது, லீவும் கிடையாது. 2ம் தூரத்துப் புயலுக்குத்தான். 3லதான் நம்ம பக்கம் திரும்புது, அப்ப புத்தகத்தைப் பாதி மூடலாம். 5ல இருந்து அபாயம், 8ல இருந்து பெரும் அபாயம். 11ன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம், அதுக்கு லீவை அறிவிக்கவும் வழி இருக்காது.

கூண்டு லீவு விடாது, கலெக்டர்தான் விடுவார். நாடகம் வாட்ஸப் காலத்துல நடந்தா, போன வருஷத்து அறிவிப்பை ஒருத்தன் சுத்தவிடுறதை வைங்க. நுட்பம் தேதியில இருக்கு. ஊர், பேர், கையெழுத்து எல்லாம் சரியா இருக்கும், கிழமை மட்டும் இடிக்கும். அதைப் பாக்குறது யார்? முதல் பெஞ்சு.

கீழக்கரை_காக்கா

உள்ளூர் விடுமுறையை மறந்துட்டீங்களே தம்பி. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா. அது பிறைக் கணக்கு, வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வரும். கொஞ்ச வருஷமா கோடை லீவுக்குள்ளயே விழுது, பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. பள்ளிக்கூடம் நடக்கிற மாசத்துல விழுந்தாலும் ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்குவாங்க. புதுக் காலண்டர் கையில கிடைச்சதும் ஒருத்தன் பிறையை எண்ணுறான், விரல் மே மாசத்துல வந்து நிக்குது, காலண்டரை மூடிடுறான். இதுக்குக் கீழக்கரையில எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க.

பனைமரத்தக்கா

தம்பி, ஆம்பளப் பசங்க காட்சியாவே போய்க்கிட்டிருக்கு. பொம்பளப் பிள்ளைங்க வகுப்புல என்ன செஞ்சதுங்கன்னு யாரும் கேக்கல. தை மாசம் பனங்கிழங்கு வைங்க.

சாயல்குடிப் பக்கத்துக் கிழங்கா, ஒரு சாண் நீளம் இருந்தாப் போதும். மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணி கிழங்குக்கு மேல நிக்கிற மாதிரி முக்கால் மணி நேரமாவது அவிக்கணும். அரைவேக்காடா எடுத்தா நார் கிழியாது, கடிக்கிற சத்தம் கரும்பலகை வரைக்கும் கேக்கும். அவிச்ச கையோட தோலை உரிச்சு, நெடுக ரெண்டா பிளந்து, நடுவுல இருக்குற குருத்தை உருவி எறிஞ்சிரணும். அப்புறம் விரல் நீளத்துக்கு ஒடிச்சா நார் தனியா வரும். வீட்டுலயே ஒடிச்சு டப்பாவுல வச்சுக்கிட்டு வர்றவ மாட்டமாட்டா. வகுப்புல உக்காந்து முழுக் கிழங்கை ஒடிக்கிறவதான் "டப்"னு சத்தம் வந்து மாட்டுவா.

எப்படித் தின்னாலும் பல்லிடுக்குல நார் மாட்டும், மஞ்சள் விரல்ல நிக்கும். எதையும் ஒத்துக்க வேண்டாம், கையை நீட்டச் சொன்னாலே முடிஞ்சுது. ஒரு பெஞ்சுல அஞ்சு பேரும் வரிசையா மஞ்சள் விரலை நீட்டுறது, அதுதான் காட்சி.

மையூத்தி

சட்டைப்பையில மை ஒழுகுறது இருக்கா? மூடியைத் திறந்து மை ஊத்துற பேனாவுல, மை பாதிக்குக் கீழ போனதும்தான் ஒழுகும். மை குறைஞ்சவன் "கொஞ்சமாத்தானே இருக்கு, ஒழுகாது"ன்னு நினைப்பான், நிஜம் நேர்மாறு. மை குறைஞ்சா அந்த இடத்துல காத்து. உடம்புச் சூட்டுல காத்து விரியும், மையை நிப்பு வழியா தள்ளும். முழுசா நிரப்பின பேனா கம்முனு கிடக்கும். அதனால காலையில சட்டை வெள்ளையாவும், மத்தியானம் கணக்கு பீரியடுக்கு மேல நீலமாவும் இருந்தா சரி.

கறை பட்டதும் சாக்பீஸை வச்சு ஒத்தணும், தேய்க்கக் கூடாது. அப்புறம் பச்சைத் தண்ணி. வெந்நீர் ஊத்தினாலோ இஸ்திரி போட்டாலோ கறை நிலைச்சிரும். நம்ம ஊர்க் கடுந்தண்ணியில சோப்பு நுரைக்காது, வெள்ளையா திரிஞ்சு துணியில ஒட்டும், அதோட மையும் சேர்ந்தா சட்டை ஒரு புது நிறம். டிடர்ஜென்ட் தூள்தான் வழி.

சாக்பீஸ்_ராணி

கரும்பலகைக்குக் கடையில விக்கிற பளபளப்பான பெயிண்ட் அடிச்சிராதீங்க, மேடை வெளிச்சத்துல கண்ணாடி மாதிரி மின்னும், எழுத்து தெரியாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியை நல்லா பொடிச்சுத் துணியில சலிச்சு, கோவை இலைச் சாறுல குழைச்சு, பலகையில வட்டமா தேய்க்கணும். காய்ஞ்சதும் இன்னொரு தடவை. ஊமத்தை இலையும் போடுவாங்க, ஆனா அது விஷச்செடி, கண்ணுல பட்டா கெடுதல். கோவையே போதும்.

கிறீச் சத்தம் வேணும்னா முழு சாக்பீஸ். முனையை லேசா பிடிச்சு, பலகைக்கு நேரா நிறுத்தி இழுக்கணும். பாதியா ஒடிச்சுச் சாய்ச்சு எழுதினா சத்தம் வராது. சத்தம் வராம எழுதத் தெரிஞ்ச டீச்சருங்க ஒடிச்சுத்தான் எழுதுவாங்க.

மட்டுறுத்துநர்

"எங்க காலத்துல" என்று தொடங்கிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. நான்கிலும் பேய் வந்தது.

கூத்துக்காரன்_உச்சிப்புளி

கடைசியா ஒண்ணு. காத்துக்கு ஒரு பெரிய ஃபேன் இருக்கு, பரீட்சைத் தாள் பறக்கணும். மேடைக்கு எந்தப் பக்கம் வைக்கிறது?

வாடைக்காத்து_தொண்டி

மாசத்தைப் பாருங்க. காலாண்டுன்னா கச்சான், தென்மேற்குல இருந்து. அரையாண்டுன்னா வாடை, வடகிழக்கு. மேடையில தெக்கு எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டா, காலாண்டுக்கு ஒரு பக்கம், அரையாண்டுக்கு எதிர்ப்பக்கம். இடைவேளையில ரெண்டு பேர் ஃபேனைத் தூக்கிக்கிட்டு மேடையைக் குறுக்கே கடந்தாலே பருவம் மாறின கணக்கு. தாளுக்குக் கனம் வைக்கச் சிப்பியோ சின்னச் சங்கோ போடுங்க, நம்ம ஊர்ல கல்லைத் தேட வேண்டியதில்ல.

கூத்துக்காரன்_உச்சிப்புளி

சரி அண்ணே. நாளைக்கு ஒத்திகை. கொடிக்கு ரோஜா இதழ் ரெண்டு கிலோ சொல்லிட்டேன்.

சாரணர்_கயிறு

ரெண்டு கிலோவா? ஒரு கைப்பிடின்னு எழுதியிருக்கேன் தம்பி. காலையில பறிச்சது.